கொல்லைப்புற மரத்தளம்: கல் வைப்பதா, குழி வெட்டுவதா?

12-க்கு 10 அடியில் ஒரு சின்ன மரத்தளம். அதற்கு இரண்டு முறை அடித்தளம் போட்டேன். முதல் தடவை மண்ணைச் சமன் செய்து, ஜல்லி பரப்பி, அச்சில் வார்த்த கான்கிரீட் கற்களை வைத்து அதன் மேல் விட்டங்களை ஏற்றினேன். அடுத்த தடவை குழி வெட்டி கான்கிரீட் தூண். இப்போது யார் கேட்டாலும் குழிதான் என்பேன்.

கல்லின் வசதி தெரிந்ததே. ஒரு நாள் வேலை, கலவை வேண்டாம், பிடிக்காவிட்டால் பெயர்த்து வேறிடத்தில் போடலாம். வீட்டுச் சுவரோடு பிணைக்காத தாழ்வான தளம்தானே, போதும் என்று நம்பினேன்.

சிக்கல் நடுக்கல்லில் இருந்தது. வரிசைக்கு மூன்றாக ஒன்பது கல். ஆட்களும் மரமும் சேர்த்து சதுர அடிக்கு 50 பவுண்டு என்று வைத்தால் மொத்தம் 6,000 பவுண்டு, சுமார் 2,700 கிலோ. ஒன்பதும் இதைச் சமமாகப் பங்கு போட்டுக்கொள்வதில்லை. மூலைக்கல்லுக்கு ஏறக்குறைய 170 கிலோ என்றால் நடுக்கல்லுக்கு 680. ஒரே அளவு கல், ஒரே அளவு ஜல்லி, நான்கு மடங்கு பாரம். அடியில் களிமண் வேறு. ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும்.

முதல் மழைக்காலம் முடிந்ததும், நடுவில் கால் வைத்தால் தளம் அமுங்கி எழுந்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன். நடுக்கல்லுக்கும் விட்டத்துக்கும் இடையே சுண்டுவிரல் நுழையும் சந்து. மூலைக்கல்லாக இருந்தால் ஜாக்கியில் தூக்கித் தகடு சொருகி அரைமணியில் முடித்திருப்பேன். நடுவை எட்ட ஆறு பலகைகளைக் கழற்ற வேண்டியிருந்தது. நான்கு ஸ்க்ரூக்களின் தலை தேய்ந்து, வெளியே வரவே மறுத்தன. மறு வருஷமும் அதே வேலை. அதிகம் இறங்குகிற கல்தான் கைக்கு எட்டாத கல். எனக்கு முடிவைத் தந்தது இது ஒன்றுதான்.

குழிகளை 1 அடி அகலம், இரண்டரை அடி ஆழத்தில், கெட்டி மண் வரும்வரை வெட்டினேன். இரண்டு வார இறுதிகள் போயின, உள்ளங்கையெல்லாம் கொப்புளம். தரை உறையும் குளிர்ப் பகுதியில் உறைமட்டத்துக்கும் கீழே போக வேண்டும். மரக்காலை மட்டும் கான்கிரீட்டுக்குள் புதைக்காதீர்கள். நீர் கோத்து மண்மட்டத்திலேயே அழுகும். தூணின் தலையைத் தரைக்கு மேல் நாலு விரற்கடை உயர்த்தி, துத்தநாகம் பூசிய பிராக்கெட்டைப் பதித்து, அதில் மரத்தை நிறுத்துங்கள்.

மேற்பலகைக்கு இவ்வளவு யோசிக்க வேண்டாம். மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து செய்த காம்போசிட் பலகைக்கு எண்ணெய் பூசும் வேலை இல்லை. ஆனால் வெயிலில் நன்றாகச் சூடேறும், அடிச்சட்டங்களையும் நெருக்கமாக வைக்க வேண்டும். நான் போட்டது, அழுகாமல் இருக்க மருந்தேற்றிய பைன் மரம். அந்த மருந்தில் பெரும்பாலும் செம்பு இருக்கும், சாதா இரும்பு ஸ்க்ரூவை அது அரித்துவிடும். ஸ்டெயின்லெஸ் அல்லது உருக்கிய துத்தநாகத்தில் முக்கியெடுத்ததை வாங்குங்கள். பலகை கெட்டால் ஒரு மாலையில் மாற்றிக்கொள்ளலாம்.

என் தூண்கள் மூன்று மழைக்காலம்தான் பார்த்திருக்கின்றன. இதுவரை ரசமட்டத்தின் குமிழி நடுவிலேயே நிற்கிறது. மண் மணற்பாங்காக இருந்து, தளமும் 6-க்கு 6 அடிக்குள் என்றால் கல்லே போதும். நாலு மூலைக்கு நாலு கல்; அங்கே நடுக்கல்லே கிடையாது.