தளம் ஒழுகுதா? கடலூரில் யாரைக் கூப்பிடலாம், எதற்குக் காசு கொடுக்கலாம், வேலை நடக்கிற வாரம் என்ன சாப்பிடலாம்

ஐப்பசி பிறந்துவிட்டால் மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர், முதுநகர் எங்கும் பக்கத்து வீட்டில் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "மாடி ஒழுகுது, நல்ல ஆள் யாராச்சும் இருக்காங்களா?" 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்த பிறகு இந்தக் கேள்வி இன்னும் கூடிவிட்டது, இந்த வேலைக்கு ஆட்களும் கூடிவிட்டார்கள். ஆனால் ஆளின் பெயரைச் சொல்வதைவிட, எந்த வகை ஆள் எந்த ஒழுக்குக்குச் சரிப்படுவார் என்று சொல்வதுதான் உபயோகம். ஒரு வீட்டில் பிரமாதமாகச் செய்தவர் அடுத்த வீட்டில் சொதப்புவதற்குக் காரணம் பெரும்பாலும் அவர் கைவேலை அல்ல, வைத்தியத்துக்குப் பொருந்தாத நோய்.

கூப்பிடுவதற்கு முன் வீட்டுக்காரரே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. மழைக்காலமே அல்லாத நாளிலும் கூரையில் ஈரம் இருந்தால் அது தளம் அல்ல. மேல்நிலைத் தொட்டி, குழாய், அல்லது மாடிக் குளியலறை. இரவு தொட்டியை நிரப்பி, வெளியேறும் வால்வை மூடி, மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் இறங்கியிருந்தால் தொட்டியில் கசிவு. இறங்கவில்லையா? குளியலறைத் தரையில் தண்ணீர் தேக்கிச் சொட்டு நீலத்தைக் கலந்து விடுங்கள். கீழே நீலம் எட்டிப் பார்த்தால் தரை ஓட்டின் இடுக்கிலோ கழிவுக்குழாய் மூட்டிலோ வழி இருக்கிறது. இந்தச் சோதனைகளைச் செய்யாமல் மொட்டைமாடி முழுக்க கோட்டிங் அடித்துவிட்டு, ஒழுக்கு நிற்கவில்லை என்று கொத்தனாரைத் திட்டுகிற வீடுகள் தெருவுக்கு இரண்டாவது இருக்கும்.

மழை நின்று இரண்டு மூன்று நாள் கழித்தும் சொட்டுகிறதென்றால் வேறு கதை. நம் பக்கத்துப் பழைய தளங்களில் கான்கிரீட் மேல் சுமார் 3 அங்குலத்துக்குச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, அதன் மேல் தட்டு ஓடு பதித்திருப்பார்கள். ஓட்டு இடுக்கு திறந்தால் தண்ணீர் அந்த ஜல்லிக்குள் இறங்கி, நாள் கணக்கில் நின்று, கான்கிரீட்டில் எங்கே விரிசல் இருக்கிறதோ அங்கே நகர்ந்து போய்ச் சொட்டும். அதனால் சொட்டுகிற இடத்துக்கு நேர் மேலே மட்டும் பூசுவது வீண்.

இனி ஆட்கள். தட்டு ஓடு போட்டுப் பழகிய வயதான கொத்தனாருக்குத்தான் என் முதல் ஓட்டு, அதுவும் ஓடு பதித்த தளமென்றால். வந்ததும் அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். மடையைக் குனிந்து பார்த்து, ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டி வாட்டம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கவனித்தால் நம்பலாம். அறுபது அடிக்கு ஒரு அடியாவது சரிவு வேண்டும்; அது இல்லாமல் தண்ணீர் தேங்குகிற தளத்தில் எந்தக் கோட்டிங்கும் நிற்காது. நல்ல கொத்தனார் பொள்ளலாக ஒலிக்கும் ஓடுகளை மட்டும் பெயர்த்து, மற்ற இடுக்குகளை அரை அங்குல ஆழம் கிளறி, சிமென்ட்டும் நீர்க்காப்புத் திரவமும் கலந்த கலவையால் அடைப்பார். டாக்டர் ஃபிக்ஸிட் எல்.டபிள்யூ பிளஸ் மாதிரித் திரவத்துக்கு அளவு 50 கிலோ மூட்டைக்கு 200 மில்லி. "ரெண்டு மூடி ஊத்திக்கலாம்" என்று கையளவில் ஊற்றுவதும், கூடுதலாக ஊற்றினால் கூடுதல் பலம் என்று நினைப்பதும் ஒரே தவறுதான். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் 3 அங்குலத்துக்கு வளைத்துப் பூசச் சொல்லுங்கள். பாதி ஒழுக்கு அந்த மூலையில்தான் பிறக்கிறது. மீதியில் ஒரு பங்கு, சுவர் வெடிப்பில் முளைத்த அரசங்கன்று செய்கிற வேலை. அதை வெட்டினால் மட்டும் போதாது, வேரோடு எடுக்காவிட்டால் அடுத்த ஆவணியில் திரும்ப வந்து நிற்கும்.

இவர்களிடம் உள்ள குறை, வாய்க்கணக்கு. சாமான் நாமே வாங்கிக் கொடுத்து, கூலியைத் தனியாகப் பேசுவது நல்லது. 'மொத்தமா பேசிக்கலாம்' என்றால் சாமானில்தான் கை வைப்பார்கள்.

பெயிண்ட் கடை வழியாக வரும் கோட்டிங் ஆட்கள் வேகமானவர்கள். ஓடு இல்லாத வெறும் கான்கிரீட் தளத்துக்கு அவர்கள் போதும். ஆனால் கோட்டிங் என்பது அடிப்பதில் இல்லை, அடிப்பதற்கு முந்தைய வேலையில் இருக்கிறது. பாசியைப் பிளீச்சிங் பவுடர் கரைசல் ஊற்றிக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, தளம் நன்றாகக் காய வேண்டும். முடி விரிசல் தவிர மற்ற விரிசல்களை 'வி' வடிவில் வெட்டி, தூசி ஊதி, அடைக்க வேண்டும். பிரைமர், மூலைகளிலும் மடை வாயிலும் ஃபைபர் வலை, பிறகு முதல் பூச்சு வடக்கு தெற்காகவும் இரண்டாவது கிழக்கு மேற்காகவும். கைப்பிடிச் சுவரில் ஒரு அடி உயரம் வரை பூச்சு ஏற வேண்டும். உச்சி வெயிலில் அடித்தால் மேல் தோல் உடனே காய்ந்து உள்ளே கொப்புளம் வரும். அதனால் காலை ஒன்பது மணிக்குள் ஒரு பூச்சு, மறுநாள் காலை அடுத்தது. ஒரே நாளில் முடித்துத் தருகிறேன் என்பவரிடம் மரியாதையாக வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

பொடியும் பாலுமாக இரண்டு பாகங்களாக வரும் பூச்சுகளில் இன்னொரு தில்லுமுல்லு நடக்கிறது. முழுப் பொட்டலத்தையும் முழுப் பாலோடு கலக்கும்படி அளந்து அடைத்திருக்கிறார்கள். பாதிப் பாதியாகக் கண்ணளவில் கலந்து, கெட்டியானதும் தண்ணீர் ஊற்றி இளக்கினால், அது வெறும் சிமென்ட் பால். வாளி மேல் ஒரு கிலோவுக்கு எத்தனை சதுர அடி என்று எழுதியிருக்கும். உங்கள் தளத்தின் பரப்பை அதால் வகுத்து எத்தனை வாளி வர வேண்டும் என்று முதலிலேயே எழுதி வாங்குங்கள். காலி வாளிகளை வேலை முடியும்வரை மாடியிலேயே வைக்கச் சொல்லுங்கள். எண்ணிப் பார்க்கலாம்.

கம்பெனிப் பெயரில் வந்து பத்து வருட உத்தரவாதம் தருபவர்கள் விலை கூடுதல். சுத்தமாகச் செய்கிறார்கள், ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அந்தத் தாளைப் படியுங்கள்: பெரும்பாலும் சாமானுக்கு மட்டும் உத்தரவாதம், உடைத்துத் திரும்பப் போடும் கூலி நம் தலையில். தார் ஷீட் ஒட்டுபவர்களும் இதே கூட்டத்தில் வருவார்கள். ஷீட்டை வெயிலில் திறந்து போட்டால் சுருங்கி மூட்டு விடும். பிறகு எங்கே வழி என்று கண்டுபிடிக்கவே முடியாது. மேலே ஓடோ கான்கிரீட்டோ மூடுவதாக இருந்தால் மட்டும் யோசிக்கலாம். கீழேயிருந்து துளை போட்டு ஊசி மூலம் ரசாயனம் ஏற்றுவது நிலவறைக்கும் கான்கிரீட் மூட்டுக்கும் சரி. மொட்டைமாடிக்கு அது கடைசி வழி. கீழ்வாயை அடைத்தால் தண்ணீர் மேலேயே நின்று கம்பியைத் தின்னும்.

கம்பி என்றதும் நம் ஊரின் தனி வியாதிக்கு வரலாம். தேவனாம்பட்டினம், முதுநகர்ப் பக்கம் இருபது வயது வீட்டிலும் கூரைப் பூச்சு பாளம் பாளமாக விழுகிறது. கடற்காற்றின் உப்பு கான்கிரீட்டுக்குள் போய்க் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது; துரு இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்பதால் கீழேயுள்ள கான்கிரீட்டைத் தள்ளிவிடுகிறது. கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456 கடலோரச் சூழலுக்குக் கம்பி மேல் 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூட்டம் கேட்கிறது. நம் வீடுகளில் 20 இருந்தால் பெரிய விஷயம்.

இதற்கு மேலோட்டமாகப் பூசிப் பெயிண்ட் அடிப்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். சரியான முறை நீளமானது. முதலில் மேல்தள ஒழுக்கை நிறுத்தி, கூரை காய விட வேண்டும்; மேலே வேலை முடியாமல் கீழே தொடக் கூடாது. பிறகு சுத்தியலால் தட்டிக்கொண்டே போய், பொள்ளல் ஒலி எதுவரை கேட்கிறதோ அதுவரை கொத்த வேண்டும். கம்பியின் கீழ்ப்பக்கம் மட்டும் தெரிந்தால் போதாது, பின்னால் விரல் நுழையும் அளவுக்குச் சுற்றிலும் திறக்க வேண்டும். பின்பக்கத் துரு அப்படியே இருந்தால் ஒட்டு மறுபடி விழும். கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து, கம்பி அரித்து மெலிந்து போயிருந்தால் பக்கத்தில் புதுக் கம்பி கட்டி, துத்தநாகப் பிரைமர் அடித்து, ஒட்டுப்பால் தடவி, அது காய்வதற்குள் பாலிமர் கலவையை அடுக்கடுக்காக ஏற்ற வேண்டும். ஒரே தடவையில் ஒன்றரை அங்குலம் அப்பினால் தன் பாரத்திலேயே தொங்கி இறங்கும். கொத்தும்போது நாலு முட்டு கொடுக்கச் சொல்லுங்கள். பீம் வெடித்திருந்தால் கொத்தனாரோடு நிறுத்தாமல் ஒரு பொறியாளரிடம் காட்டுங்கள்.

கலவைக்கு எந்தத் தண்ணீர் என்று யாரும் கேட்பதில்லை. கடற்கரைத் தெருக்களில் பல போர் தண்ணீர் உப்பு. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. வாயில் வைத்தால் கரிக்கிற தண்ணீரில் கலந்தால், துருவைச் சுரண்டிவிட்டு உப்பை நாமே திரும்ப வைக்கிறோம். லாரித் தண்ணீர் இரண்டு டிரம் வாங்கி வைப்பது பெரிய செலவல்ல.

வேலை முடிந்ததும் மடையைச் சாக்கால் அடைத்து, 2 அங்குலத்துக்குத் தண்ணீர் தேக்கி 48 மணி நேரம் பார்க்க வேண்டும். கூலியில் ஐந்தில் ஒரு பங்கை இந்தச் சோதனைக்குப் பிறகு தருவதாக முன்பே பேசிவிடுங்கள். ஆனால் கட்டை மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில், புதுச்சேரி பிரெஞ்சுத் தெருக்களிலும் இங்கே பழைய மஞ்சக்குப்பத்திலும் இருப்பவற்றில், தண்ணீர் தேக்கவே கூடாது. கட்டையைக் கரையான் எவ்வளவு அரித்திருக்கிறது என்று வெளியே தெரியாது.

தைப்பொங்கலுக்குப் பிறகு சித்திரை வரைதான் இந்த வேலைக்குக் காலம். ஆள் சுலபமாகக் கிடைப்பார், தளம் காய்ந்திருக்கும். புரட்டாசியில் கூப்பிட்டால் கேட்ட கூலி, ஈரத் தளம்.

சின்னச் சின்ன வேலைகள் இரண்டு. மின்விசிறி மெதுவாகச் சுற்றினால் புதிது வாங்க வேண்டாம், பெரும்பாலும் 2.5 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் மாற்றினால் போதும். மோட்டார் காயில் கட்டக் கொடுத்தால் செம்புக் கம்பிதானா என்று கேட்டு, பழைய கம்பியைத் திருப்பி வாங்குங்கள் அல்லது அதன் எடைக்குக் கழிக்கச் சொல்லுங்கள்.

சமையலறைக் கூரையைக் கொத்துகிற வாரம் அடுப்புப் பக்கம் போக முடியாது. காய்கறிக்குப் பான்பரி மார்க்கெட் இருக்கிறது, ஆனால் வெட்டி வேகவைக்க இடம் வேண்டுமே. மதியத்துக்கு மெஸ்தான். லாரன்ஸ் ரோட்டைச் சுற்றியும் முதுநகரிலும் உள்ள மெஸ்களில் மீன் வறுவலைவிட மீன் குழம்பை நம்புங்கள்: வறுவலில் பழைய மீனை மசாலா மறைத்துவிடும், குழம்பில் அது உதிர்ந்து காட்டிக்கொடுக்கும். குழம்பைப் பார்சலில் வாங்குவதானால் தூக்குச்சட்டி கொண்டுபோங்கள். சூடான புளிக்குழம்பை பிளாஸ்டிக் பையில் கட்டுவது நல்லதல்ல.

மாடியில் ஒரு ஸ்டவ் போட முடிகிறவர்களுக்கு முதுநகர் மீன்பிடித் துறைமுகம் போதும். விடியற்காலையில் போனால் ஏலம் முடிந்து சில்லறைக்கு வரும் நேரத்தில் சங்கரா, காரப்பொடி, நெத்திலி கிடைக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். ஃபைபர் படகுகள் மட்டும் கரையோரம் போய் வரும். அந்த நாட்களில் சிறுமீன் வாங்குவதே புத்தி. தட்டில் பெரிய வஞ்சிரம் பளபளவென்று இருந்தால் அது ஐஸ் பெட்டியில் வெளியூரிலிருந்து வந்ததாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இறால் வாங்கும்போது தலையும் ஓடும் போனால் கிலோவுக்குப் பாதியைவிடச் சற்றே கூடுதல்தான் மிஞ்சும். நாலு பேருக்கு ஒரு கிலோ என்று கணக்கிடுங்கள்.

தடைக்காலத்தில் கைகொடுப்பது கருவாடு. வலையிலோ உயரத் தட்டிலோ காயவைத்த நெத்திலியைக் கேட்டு வாங்குங்கள், மணலில் காயவைத்ததை எத்தனை தடவை அலசினாலும் பல்லில் கடிபடும். உள்ளங்கையில் வைத்து நசுக்கினால் ஒடிய வேண்டும். வளைந்தால் ஈரம் இருக்கிறது, ஒரு வாரத்தில் பூச்சி வைக்கும். மொச்சையும் கத்தரிக்காயும் போட்டு ஒரே சட்டியில் குழம்பு வைத்தால் வேலையாட்களுக்கும் சேர்த்து ஆகிவிடும், அதுவும் மறுநாள் காலை பழைய சோற்றோடு இன்னும் நன்றாக இருக்கும். பண்ருட்டிப் பலா வருகிற மாதமென்றால் பலாக்கொட்டையையும் அதே சட்டியில் போடலாம். மேல்தோலை உரித்து, பழுப்புத் தோலைச் சுரண்டி, முக்கால் வேக்காடு வேகவைத்த பிறகே புளியில் சேர்க்க வேண்டும். முன்னமே புளியில் போட்டால் கொட்டை கடைசிவரை வேகாது.