“ஆட்டோமேட்டிக்னா அப்படித்தான் சார்” என்று சொல்லியே இரண்டு மாதச் சம்பளத்தை முழுங்கிவிட்டார்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், ஆறினால் எழுத மாட்டேன். இரண்டு மாதச் சம்பளம் போயிருக்கிறது. எங்கே போனது என்று பெயர் சொல்லப் போவதில்லை. பழைய வாட்ச்களை வாங்கி, சோதித்து, சர்வீஸ் செய்து விற்பதாகச் சொல்லிக்கொள்ளும் ஆன்லைன் தளங்களில் ஒன்று. முதல் முறையாக ஆட்டோமேட்டிக் வாட்ச் (பேட்டரி இல்லாமல், கை அசைவிலேயே சாவி ஏறுவது) வாங்குகிறவர்களுக்குத் தெரிய வேண்டியதை எல்லாம் வரிசையாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எவ்வளவு தூரம் போகிறது, பார்ப்போம்.

விளம்பரத்தில் போட்டிருந்தது இதுதான்: உள்ளே சுவிஸ் மெஷின், ஈடிஏ கம்பெனியின் 2824-2 மாடல். முழு சர்வீஸ் ஆனது. ஒரு வருட வாரண்டி. பின்மூடியைத் திறந்து எடுத்த மெஷின் படமும் கூடவே இருந்தது.

விற்றவர் வீடியோ காலில் வந்தார். அவசரப்படுத்தவே இல்லை. நான் முதலில் கேட்டது அதைவிட விலை கூடிய வேறொரு வாட்ச். “அது உங்களுக்கு வேண்டாம் சார். டயலுக்கு மறுபடி பெயின்ட் அடிச்சிருக்காங்க. கேஸ் எல்லாம் கீறல் விழுந்து கிடக்கும்போது டயல் மட்டும் புதுசா மின்னினா சந்தேகப்படணும்” என்றார். எழுத்துகள் தடித்துப் போயிருப்பதைக் கேமராவைக் கிட்டே கொண்டுபோய்க் காட்டினார். அவர் சொன்னது அத்தனையும் உண்மை, இன்றைக்கும் நான் அதை ஒத்துக்கொள்வேன். தன் கடைச் சரக்கையே குறை சொல்லி, விலை குறைந்ததை எடுத்துக் கொடுக்கிற மனுஷன் ஏமாற்றுவான் என்று யாருக்குத் தோன்றும்? பணத்தை அனுப்பினேன். இரண்டு மாதச் சம்பளம், ஒரே தவணையில்.

வாட்ச் வந்தது. பின்பக்கம் கண்ணாடி மூடி, உள்ளே பொன்னிற ரோட்டர், அதாவது கை அசைவுக்குச் சுழலும் தகடு, ஜம்மென்று சுழன்றது. பகல் முழுக்கக் கட்டியிருந்துவிட்டு ராத்திரி கழற்றி வைத்தால் காலையில் நின்றிருக்கும். விற்றவரைக் கேட்டேன். “ஆட்டோமேட்டிக்னா அப்படித்தான் சார். கை அசைஞ்சாத்தான் சாவி ஏறும். நீங்க உட்கார்ந்த இடத்துல வேலை பாக்குறீங்க இல்ல?”

இந்த ஒரு வாக்கியத்தில்தான் இவர்களுடைய வியாபாரமே இருக்கிறது. பச்சைப் பொய் சொல்ல மாட்டார்கள். பாதி உண்மையைச் சொல்லி, மீதியை நமக்குத் தெரியாது என்ற தைரியத்தில் விட்டுவிடுவார்கள். கை அசைவில் ரோட்டர் சுற்றி, அதுதான் உள்ளே இருக்கும் சுருள்வில்லை முறுக்குகிறது; கழற்றி வைத்தால் ஒரு கட்டத்தில் நிற்கும் என்பதும் சரி. ஆனால் முழுசாகச் சாவி ஏறிய 2824-2 சுமார் 38 மணி நேரம் ஓட வேண்டும். ராத்திரி கழற்றினால் மறுநாள் முழுக்கத் தாங்கும். அதனால் கிரவுனை (பக்கவாட்டில் இருக்கும் சாவித் திருகை) கையாலேயே ஒரு முப்பது நாற்பது சுற்றுச் சுற்றி, மேஜையில் வைத்து, நிற்கும் நேரத்தைக் குறித்துவையுங்கள். கூடுதலாகச் சுற்றி வில் அறுந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம். ஆட்டோமேட்டிக்கில் முறுக்கு நிறைந்ததும் வில் வழுக்கிக்கொடுக்கும்படிதான் செய்திருப்பார்கள். அப்படி முழுசாகச் சுற்றி வைத்தும் என் வாட்ச் அரை நாள் கூட ஓடவில்லை.

அடுத்தது நேரம். நாளைக்குப் பல நிமிடம் முந்தி ஓடியது. “குவார்ட்ஸ் மாதிரி எதிர்பார்க்காதீங்க சார், இது மெக்கானிக்கல்.” மறுபடி பாதி உண்மை. பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் அளவுக்கு இது துல்லியமாக ஓடாதுதான். துல்லியத்துக்காகச் சோதித்துக் கொடுக்கும் சுவிஸ் க்ரோனோமீட்டர் சான்று வாங்கிய மெஷினுக்கே சராசரியாக நாளைக்கு 4 வினாடி பிந்தலாம், 6 வினாடி முந்தலாம். விலை குறைந்த வாட்ச்களில் வரும் ஸீகோ என்ஹெச்35, மியோட்டா 8215 மாதிரி மெஷின்களுக்கு அந்தக் கம்பெனிகளே 20 வினாடி பிந்தலும் 40 வினாடி முந்தலும் எல்லை என்று போட்டிருக்கின்றன. எல்லாமே வினாடிக் கணக்கு! நிமிடக் கணக்கில் ஓடினால் அது நோய்.

அதற்கும் பதில் தயாராக இருந்தது: “போன் பக்கத்துல வச்சிருப்பீங்க, காந்தம் ஏறியிருக்கும். ஒரு வாரம் கட்டிப் பாருங்க, செட் ஆயிடும்.” காந்தம் ஏறினால் உள்ளே இருக்கும் மெல்லிய மயிர்ச்சுருளின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வாட்ச் வேகமாக ஓடும், வாஸ்தவம்தான். ஆனால் ஏறிய காந்தம் கட்டிப் பார்ப்பதால் இறங்காது. அதை எடுக்கும் கருவியில் சில வினாடி வேலை. “ஒரு வாரம்” என்று அவர் சொன்னது எதற்கென்றால், அதற்குள் திருப்பி அனுப்பும் கெடு முடிந்துவிடும்!

பழக்கமான வாட்ச் ரிப்பேர்காரரிடம் கொண்டுபோனேன். காந்தம் எடுத்துப் பார்த்தார், ஓட்டம் மாறவில்லை. மைக்கில் வைத்து டிக் சத்தத்தை அளக்கும் கருவியில் மாட்டினார். நேரத்தை ஒழுங்காக வைக்க முன்னும் பின்னும் ஆடும் பேலன்ஸ் சக்கரம் எவ்வளவு வீசுகிறது என்று அது டிகிரியில் காட்டும். நன்றாக ஓடும் வாட்ச்சில் 270, 300 பக்கம் இருக்கும். என்னுடையது 180-ஐத் தாண்டவில்லை. எண்ணெய் காய்ந்து எத்தனையோ வருடம் ஆகியிருக்கும் என்றார். சர்வீஸ் ஆன வாட்ச்சாம்! திறந்தார். உள்ளே இருந்தது 2824-2 இல்லை, ஊர் பேர் தெரியாத மலிவு மெஷின். கண்ணாடி வழியாகத் தெரியும் ரோட்டரை மட்டும் பெயர் பொறித்ததாகப் பார்த்து மாட்டியிருக்கிறார்கள். விளம்பரப் படத்தில் இருந்த மெஷின் அசல்தான், வேறு எந்த வாட்ச்சினுடையதோ.

திறக்காமலே கண்டுபிடித்திருக்கலாம் என்று ரிப்பேர்காரர் காட்டினார். 2824-2 ஒரு மணிக்கு 28,800 துடிப்பு, அதாவது வினாடிக்கு எட்டு. மலிவு மெஷின்கள் பெரும்பாலும் 21,600, வினாடிக்கு ஆறு. போனில் ஸ்லோ மோஷன் வீடியோ எடுத்து வினாடி முள் ஒரு வினாடிக் கோட்டிலிருந்து அடுத்ததற்கு எத்தனை தாவல் தாவுகிறது என்று எண்ணினால் போதும். இன்னொன்று, கிரவுனை முழுசாக வெளியே இழுத்தால் 2824-2இல் வினாடி முள் நிற்க வேண்டும். என்னுடையது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது.

படங்களோடு புகார் அனுப்பினேன். “பின்மூடியைத் திறந்துட்டீங்க சார், வாரண்டி போச்சு.” திறக்காமல் நிரூபிக்க முடியாது, திறந்தால் வாரண்டி கிடையாது. என்ன ஒரு ஏற்பாடு! வீடியோ காலில் வந்தவரைக் கேட்டால் “அவர் இப்ப வேற டீம்”. மேலே புகார் செய்தால் “உங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது”. அப்புறம் “விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையில் நாங்கள் வெறும் தளம்” என்றார்கள். அந்த வெறும் தளம்தான் “நாங்கள் சோதித்தது” என்று முத்திரை போட்டு என்னிடம் இரண்டு மாதச் சம்பளத்தை வாங்கியது. விளம்பரம் இன்னும் அதே படத்தோடு அங்கேயே இருக்கிறது.

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இன்றைய தேதி எழுதிய துண்டுச்சீட்டைப் பக்கத்தில் வைத்து, திறந்த மெஷினைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மழுப்பினால் விட்டுவிடுங்கள். ஓட்டத்தை அளந்த கருவியின் திரையையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சர்வீஸ் பில் இல்லாத சர்வீஸ் சர்வீஸே இல்லை. எல்லாச் சோதனையையும் வாட்ச் வந்த அன்றே ஆரம்பியுங்கள், “செட் ஆகும்” என்று யார் சொன்னாலும் காத்திருக்காதீர்கள். போனில் பேசாமல் எழுத்தில் பேசுங்கள். 30 மீட்டர் என்று போட்டிருந்தால் தண்ணீர் தெறித்தால் தாங்கும் என்றுதான் அர்த்தம், நீந்த இல்லை.

தேதி மாற்றுவது, எத்தனை வருடத்துக்கு ஒரு முறை சர்வீஸ் என்றெல்லாம் எழுத நினைத்திருந்தேன். இப்போது முடியாது. அந்தத் தளத்துக்கு இன்னொரு மெயில் போட வேண்டும், இந்த முறை ஸ்லோ மோஷன் வீடியோவையும் சேர்த்து.