கும்பகோணத்தில் வீட்டுக்கு வரும் முதியோர் பராமரிப்பு: நான்கு மாத அனுபவம்

அம்மாவுக்கு 78 வயது. திருபுவனத்தில் தறி வீட்டில் பிறந்து தறி வீட்டிலேயே வாக்கப்பட்டவர். நாங்கள் சௌராஷ்டிரர்கள், வீட்டுக்குள் எங்கள் பாஷை, வாசலைத் தாண்டினால் தமிழ். டிமென்ஷியா என்கிற மறதி நோய் வந்த பிறகு அம்மாவின் தமிழ் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது. பின்னால் கற்ற மொழி முதலில் மறப்பது இந்த நோயில் உண்டு என்றார் டாக்டர்.

அம்மாவைப் பார்த்துக்கொள்ள வீட்டுக்கு ஆள் அனுப்பும் சேவையில் சேர்ந்தோம். காலை 8 முதல் மாலை 6 வரை ஆள், நாளைக்கு 700 ரூபாய். முதலில் வந்த பெண் சுத்தமாகப் பார்த்துக்கொண்டார். ஆனால் ஒரு நாள் கடையிலிருந்து திரும்பினால் அம்மாவின் உதடு வெடித்துக் கிடக்கிறது. அந்தப் பெண் எழுதி வைக்கும் நோட்டில், 'நாள் முழுக்க பாணி பாணி என்று புலம்பல்.' பாணி என்றால் எங்கள் பாஷையில் தண்ணீர். அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சேவையை நடத்துபவரிடம் நோட்டைக் காட்டினேன். சாக்குப்போக்கு சொல்லாமல், அந்த வாரமே எங்கள் பாஷை பேசும் ஓர் அக்காவை அனுப்பினார். அக்கா வந்த மூன்றாம் நாள் பரணிலிருந்து ராட்டையை இறக்கச் சொன்னார். பேரன் பெயர் தெரியாத அம்மா தறிக்கு நூல் சுற்றும் தார் சுற்ற உட்கார்ந்தார். இழை அறுந்தது. யாரையும் கேட்காமல் இரண்டு நுனியையும் விரலில் உருட்டி முடிச்சுப் போட்டு, மறுபடி சுற்றினார்.

குறையும் உண்டு. ஞாயிறு ஆள் கிடையாது. சேர்க்கும் படிவத்தில் சர்க்கரை, பிரஷர் எல்லாம் கேட்கிறார்கள், வீட்டில் என்ன பாஷை என்று கேட்பதில்லை. நீங்களே சொல்லிவிடுங்கள். உருது, மராத்தி, தெலுங்கு பேசும் குடும்பங்கள் இங்கே எத்தனை!

எங்கள் ஜனங்களுக்கு ஒரு வார்த்தை. 'வயசானா மறதி சகஜம்', 'வெளியே சொன்னா பொண்ணுக்கு வரன் அமையாது' என்று நாங்கள் இரண்டு வருஷம் மூடி வைத்தோம். நாட்டில் 60 வயது தாண்டியவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல் இந்த நோய் இருப்பதாக 2023-இல் வந்த ஆய்வு சொல்கிறது. தைராய்டு, வைட்டமின் பி12 குறைவாலும் மறதி வரும், அதற்கு மருந்து உண்டு. அதனால் முதலில் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் முதியோர் உதவி எண் 14567-க்குப் பேசலாம்.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். ஞாயிற்றுக்கிழமை ராட்டையை நான் எடுத்து வைக்கிறேன்.