மொனாக்கோ ஜப்பானியத் தோட்டம்: கட்டணமில்லை, அவசரமும் கூடாது

கிரிமால்டி ஃபோரம் அரங்கத்தை ஒட்டி, சுமார் 7,000 சதுர மீட்டரில் விரிகிறது இந்தத் தோட்டம். மொனாக்கோவை அப்போது ஆண்ட மூன்றாம் ரெய்னியர் இளவரசரின் விருப்பப்படி தோட்டக் கலைஞர் யாசுவோ பெப்பு வடிவமைக்க, 1994-இல் திறக்கப்பட்டது. நுழைவு இலவசம். பிரான்ஸின் நீஸ் நகரிலிருந்து ரயிலில் அரை மணிக்குள் வந்துவிடலாம். நிலையத்திலிருந்து இறக்கத்தில் நடந்தால் இருபது, இருபத்தைந்து நிமிடம்.

காலை 9 மணிக்குத் திறந்ததும் போய்விடுங்கள். பகல் ஏறினால் சிவப்பு வளைவுப் பாலத்தில் படம் எடுப்பவர்கள் நெரிப்பார்கள், வெயிலும் குளத்தில் பட்டுக் கண்ணைக் கூசவைக்கும். பாலம் செங்குத்தாக ஏறி இறங்குவதால் சக்கர நாற்காலிக்கும் குழந்தை வண்டிக்கும் ஒத்துவராது. குளத்தைச் சுற்றிய பாதையே சரி.

இங்கே உண்மையில் நின்று பார்க்க வேண்டியவை மரங்கள்தான். மத்தியத் தரைக்கடல் பைனையும் ஆலிவையும் ஜப்பானிய முறையில் கிளை கிளையாகக் கத்தரித்துப் பழக்கியிருக்கிறார்கள். உள்ளூர் மரத்தில் அந்த வடிவம் வருவதற்குப் பல வருட உழைப்பு வேண்டும், அற்புதமான வேலை! உள்ளே சரளைக்கல் பரப்பிய ஜென் தோட்டத்தை நடந்துகொண்டே பார்த்தால் ஒன்றும் பிடிபடாது. உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

குறை ஒன்றுதான்: மேலே நிற்கும் அடுக்குமாடிகள் எந்தப் பக்கமும் கண்ணில் படுகின்றன. சிறிய இடம்; ஒரு மணி நேரம் போதும்.