'பினாங்கு வெள்ளி டாலர்': எடை போடாமல் காசைக் கொடுக்காதீர்கள்

நாணயக் கண்காட்சி மேசையில் 4,500 ரூபாய்க்குக் கைமாறிய 'பினாங்கு டாலர்' (பழைய பிரிட்டிஷ் வணிக டாலரை இப்படிச் சொல்லி விற்கிறார்கள்) ஒன்று தராசில் 21.3 கிராம்தான் காட்டியது. இருக்க வேண்டியது 26.95. திரும்பப் போய்க் கேட்டால், "நூறு வருஷக் காசு சார், தேய்மானம்" என்று பதில். தேய்ந்தே ஐந்து கிராம் போயிருந்தால் உருவமே மழுங்கியிருக்கும். இதிலோ காசில் உள்ள பெண் உருவத்தின் கேடயக் கோடுகள்கூடக் கலையவில்லை.

வாங்கியவர் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. திரிசூலமும் கேடயமும் ஏந்தி நிற்கும் பிரிட்டானியா (பிரிட்டனைக் குறிக்கும் பெண் உருவம்), பின்னால் கப்பல், மறுபக்கம் சீன எழுத்தும், அரபி வழி வந்த ஜாவி எழுத்தில் மலாயும். பிரிட்டிஷ் வணிக டாலர் என்று படத்தை வைத்துச் சரியாகவே அடையாளம் கண்டார். போலி செய்கிறவனும் அதே படத்தைத்தான் பார்த்துச் செய்கிறான்.

இது 1895 முதல் 1935 வரை, பெரும்பாலும் பம்பாயில் அடிக்கப்பட்ட காசு. 90 சதவீத வெள்ளி, விட்டம் 39 மி.மீ. பம்பாய்க் காசென்றால் சூலத்தின் நடு முனையில் பொடியாக ஒரு ஆங்கில 'B' எழுத்து பதிந்திருக்கும். லென்ஸ் இல்லாமல் தெரியாது. 1914 முதல் 1920 வரையான ஆண்டு இருந்தால் லென்ஸே வேண்டாம், அந்த ஆண்டுகளில் இந்தக் காசு அடிக்கப்படவே இல்லை; மேசையிலேயே திருப்பி வைத்துவிடுங்கள்.

காந்தத்தை நம்பி இருக்காதீர்கள். இரும்புக் காசு ஒட்டும், பித்தளைக்கு வெள்ளி முலாம் பூசியது ஒட்டாது. எடையும் சரியாக இருந்தால் தண்ணீர்ச் சோதனைதான். 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசில் தண்ணீர்க் கோப்பையை வைத்துப் பூஜ்யமாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, முழுக்க முங்கும்படி, அடியிலும் பக்கத்திலும் படாமல் தொங்கவிடுங்கள். ஒட்டிய காற்றுக் குமிழை உதறிவிடுங்கள். தராசு காட்டுவது காசின் எடையை அல்ல, காசு விலக்கும் தண்ணீரின் எடையை. நல்ல காசென்றால் 2.6 கிராம் அளவில் நிற்கும்; அதே எடையுள்ள பித்தளை 3.1-ஐத் தாண்டும்.

வெள்ளியைச் சோதித்ததற்கு அடையாளமாக அந்தக் காலச் சீன வணிகர்கள் குத்திய முத்திரைக் குறிகளைக் காட்டி 'அசல்' என்பார்கள். நிஜக் குத்து என்றால் ஓரம் கூராக இருக்கும், நேர் பின்பக்கம் கொஞ்சம் தட்டையாகியிருக்கும். போலிக் காசோடு சேர்த்தே வார்த்த குத்து வழவழவென்று இருக்கும். அதே மேசையில் கிடக்கும் அடுத்த காசிலும் அதே இடத்தில் அதே குத்து இருந்தால் வேறு சாட்சி வேண்டியதில்லை.

பில்லில் "வெள்ளி, 1895–1935 பிரிட்டிஷ் வணிக டாலர், எடை இவ்வளவு" என்று எழுதித் தரச் சொல்லுங்கள். இந்தக் காசை விற்றவர் எழுதியிருந்தது 'பழைய காசு – 1'.