கொமட் தாங்கி நிறைய எட்டு நிமிடம்: கழுவுவதா, வால்வ் மாற்றுவதா, மேல் தாங்கியை உயர்த்துவதா?

யாழ்ப்பாணம் நல்லூர்க் கோயில் திருவிழாவுக்குக் கொடியேறினால் 25 நாளும் எங்கள் கோண்டாவில் வீட்டில் சனம்தான். போன முறை பதினொரு பேர், ஒரே ஒரு கொமட். ஒருவர் வெளியே வந்தால் அடுத்தவர் எட்டு நிமிடம் காத்து நிற்க வேண்டும். தாங்கிக்குள் தண்ணீர் நூல் போல இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டாம் நாளே மாமி தீர்ப்புச் சொல்லிவிட்டா: "வாளியிலை தண்ணி நிறைச்சு வைச்சிருக்கிறன். ஒருத்தரும் அந்தப் பட்டனை அமத்தாதேங்கோ."

இரண்டு பேர் மட்டும் இருக்கிற வீடென்றால் மாமி சொன்னதே சரி. தாங்கி ஆறுதலாக நிறையட்டும், யாருக்கும் நட்டமில்லை. ஆள் கூடினால்தான் இது தலையிடி.

ஆலோசனைக்குக் குறைவிருக்கவில்லை. கனடாவிலிருந்து வந்த மச்சான் "பிரஷர் காணாது, பம் ஒண்டு பூட்டு, இல்லாட்டி ராங்கை உயத்து" என்றான். பக்கத்து வீட்டு அண்ணை "வினாகிரி ஊத்திவிடும் தம்பி" என்றார். குழாய் வேலைக்கு வந்தவர் எதையும் கழற்றிப் பார்க்காமலே "வால்வ் போயிட்டுது" என்றார். தாங்கிக்குள் தண்ணீரை விட்டு, நிறைந்ததும் நிறுத்துகிற துண்டுதான் வால்வ். அதற்கு முந்திய வருடமும் இன்னொருவர் அதையே சொல்லித்தான் புது வால்வ் பூட்டியிருந்தார். அதுதான் இப்போது எட்டு நிமிடம் எடுக்கிறது.

மூன்றையும் ஒப்பிட முன் ஒரு வாளிச் சோதனை. தாங்கிக்குக் கீழே தண்ணீரைத் திறந்து மூடுகிற சின்னப் பைப்பை இறுகப் பூட்டி, தாங்கிக்குப் போகும் வளையும் குழாயை அந்தப் பக்கத்தில் கழற்றி, அதன் வாயைத் தாங்கியின் உயரத்திலேயே பிடித்துக்கொண்டு ஒரு 10 லீற்றர் வாளிக்குள் திறந்துவிட வேண்டும். குழாயைத் தரைவரை தொங்கவிட்டால் கணக்குப் பிழைக்கும். அரை மீற்றர் அழுத்தம் சும்மா கூடிவிடும். எனக்கு வாளி 70 செக்கனில் நிறைந்தது. அதாவது நிமிடத்துக்கு எட்டரை லீற்றர் வருகிறது. என் கொமட் தாங்கி 6 லீற்றர்தான். வீட்டுக் குழாயில் தண்ணீர் வடிவாக வருகிறது, வால்வுக்குள்தான் ஏதோ மறிக்கிறது என்று தெரிந்தது. உங்கள் வீட்டில் வாளிக்கும் நூல் மாதிரித்தான் வருகிறதென்றால் வால்வைத் தொட வேண்டாம். அந்தச் சின்னப் பைப், வளையும் குழாய், சுவருக்குள் போகும் குழாய் என்று பின்னோக்கிப் போய்ப் பாருங்கள். பாதி சமயங்களில் யாரோ எப்போதோ அந்தச் சின்னப் பைப்பை முக்கால்வாசி பூட்டிவிட்டு மறந்திருப்பார்கள்.

இன்னொன்றையும் விலக்கிக்கொள்ளுங்கள். மேலே தண்ணீர் வரும்போதே, கொமட்டுக்குப் போகும் வாயை மூடும் கீழ் ரப்பரால் கசிந்து போனாலும் தாங்கி மெதுவாகத்தான் நிறையும். ஒரு கோப்பை பிளேன்ரீயைத் தாங்கிக்குள் ஊற்றி, பட்டனை அமத்தாமல் இருபது நிமிடம் விடுங்கள். கொமட் கிண்ணத்தில் சாயம் தெரிந்தால் மாற்ற வேண்டியது கீழ் ரப்பரை.

இனிக் கழுவுதல். அண்ணை சொன்ன வைத்தியம் சரி, சொன்ன விதம் பிழை. தாங்கித் தண்ணீருக்குள் வினாகிரி ஊற்றினால் அது ஐதாகிக் கொமட்டுக்குப் போய்விடும். அடைப்பிருக்கிற இடத்தை எட்டவே எட்டாது. வால்வின் அடி வாய்க்குள் ஒரு சின்னப் பிளாஸ்ரிக் வலை இருக்கும். குழாயைக் கழற்றும்போது ஒரு கையால் உள்ளே வால்வை அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். அது சேர்ந்து சுற்றினால் அடி வோசர் விலகி, பிறகு தரையெல்லாம் ஈரம். நுனி ஒடுங்கின குறட்டால் வலையை மெல்ல இழுத்தால் வந்துவிடும்.

என் கைக்கு வந்ததைப் பார்த்தால் அதற்குள்ளால் தண்ணீர் வந்ததே அதிசயம். இடியப்ப உரலின் கண்ணில் மா காய்ந்து அடைத்தது போல, வலையின் பாதிக்கு மேல் வெள்ளைப் படை. இடுக்கில் மேல் தாங்கியிலிருந்து வந்த பச்சைப் பாசி நூல், நாலைந்து மணல், அரிசிக் குறுணி அளவில் சாம்பல் நிறச் செதில்கள். ஒரு செதிலை வினாகிரிக்குள் போட்டேன். சோடாப் போத்தல் திறந்தது போலப் பொங்கியது. சுண்ணாம்பு. எங்கள் கேத்திலின் அடியில் படிகிற அதே சாமான். குடாநாட்டுக்கு அடியில் கிடப்பது சுண்ணாம்புக் கல், வற்றாத ஆறு என்று ஒன்று இல்லை, கிணற்றுத் தண்ணீர் முழுக்க அந்தக் கல்லுக்குள்ளால் ஊறி வருவது. வால்வ் பழுதாகவில்லை, அதற்குள் கல் வளர்ந்திருந்தது.

வலையையும், மேல் மூடியைத் திருகி எடுத்தால் வரும் ரப்பர் வட்டையும் வினாகிரியில் இரண்டு மணித்தியாலம் ஊறவிட்டு, பழைய பல்துலக்கியால் தேய்த்தேன். தேசிக்காய்ப் புளியும் வேலை செய்யும். ரப்பர் வட்டில் ஊசிமுனை அளவில் ஒரு துளை இருக்கும். கவனித்துத் திறந்துவிட வேண்டியது அதைத்தான். கம்பியால் குத்திப் பெரிதாக்கினால் பிறகு வால்வ் சரியாக வேலை செய்யாது. கொமட் கழுவும் அசிட்டை இந்த வேலைக்கு எடுக்க வேண்டாம், வினாகிரியோ அசிட்டோ எதையும் குளோரினோடு கலக்கவே கூடாது. நச்சு வாயு வரும், சின்னக் குளியலறைக்குள் அது விளையாட்டில்லை.

எட்டு நிமிடம் மூன்று நிமிடமானது. செலவு ஒரு போத்தல் வினாகிரி. மாமிக்கு அதுவே காணும். எனக்கு அந்த மூன்று நிமிடம் உறுத்தியது. வாளிக்கு நிமிடத்துக்கு எட்டரை லீற்றர் வருகிறதே, தாங்கிக்கு ஏன் இரண்டு?

மச்சானின் யோசனையை இங்கேதான் எடுத்துப் பார்த்தேன். எங்கள் மேல் தாங்கியின் தண்ணீர் மட்டம் கொமட் தாங்கியிலிருந்து ஏறக்குறைய 3 மீற்றர் உயரத்தில். ஒரு மீற்றர் உயரம் 0.1 பார் அழுத்தம் தரும்; ஆக 0.3 பார். வெளியிலிருந்து வரும் பல வால்வுகள் இதைவிடப் பல மடங்கு அழுத்தம் உள்ள நகரக் குழாய்களை நினைத்துச் செய்யப்பட்டவை. சத்தம் வராமலிருக்க அவற்றின் ஓட்டையை ஒடுக்கி விட்டிருப்பார்கள். என் வால்வில் அது சுமார் 3 மில்லிமீற்றர். 3 மீற்றர் உயரத் தண்ணீர் அந்த அளவு ஓட்டையால் நிமிடத்துக்கு 2 லீற்றர் மட்டில்தான் பாயும். என் மூன்று நிமிடத்தின் கணக்கு அதுதான்.

மேல் தாங்கியை இன்னும் 3 மீற்றர் உயர்த்தினால்? உயரம் இரட்டித்தாலும் ஓட்டம் இரட்டிக்காது, 1.4 மடங்குதான் கூடும். மூன்று நிமிடம் இரண்டு நிமிடம் சொச்சமாகும். அதற்காக 1000 லீற்றர், அதாவது ஒரு தொன் தண்ணீரைத் தூக்கிப் பிடிக்கப் புதுத் தூண் எழுப்ப வேண்டும். கழுவாமல் விட்ட பழைய வால்வோடு தூக்கியிருந்தால் எட்டு நிமிடம் ஐந்தே முக்கால் ஆகியிருக்கும். மச்சானுக்கு இதை எழுதிக் காட்டினேன். "அப்ப பம்மைப் பூட்டு" என்றான்.

பம் வேலை செய்யும், மறுக்கவில்லை. ஷவருக்கும் தண்ணீர் காணாத வீடு, மாடியில் குளியலறை உள்ள வீடு என்றால் நானும் அதைத்தான் சொல்லுவேன். ஒரு கொமட்டுக்காகப் பூட்டினால், ஒவ்வொரு முறை பட்டனை அமத்தும்போதும் நடுச்சாமத்திலும் அது உறுமும். வால்வ் பூட்டும் தறுவாயில் தண்ணீர் சொட்டுச் சொட்டாகப் போகையில் பம் நின்று நின்று எழும்பும். கரண்ட் இல்லாவிட்டால் பழைய கதிதான். இருபது வருடப் பழைய குழாய் மூட்டுகள் புது அழுத்தத்தைத் தாங்குமா என்பதும் பூட்டின பிறகுதான் தெரியும்.

உயரத்துக்குப் பதில் ஓட்டையைப் பெருப்பித்தால் கணக்கு வேறு. 3 மில்லிமீற்றரை 6 ஆக்கினால் பரப்பு நாலு மடங்கு, ஓட்டமும் ஏறக்குறைய அப்படியே, குழாய் தரக்கூடிய அளவுக்கு. சில வால்வுகளில் ஒடுக்கும் துண்டு தனியாக இருக்கும். அதை இழுத்தெடுத்தால் செலவில்லாமல் வேலை முடியும். பம் நேரே தண்ணீர் தள்ளுகிற வீட்டில் மட்டும் அதை எடுக்க வேண்டாம், வால்வ் கத்தும், சரியாகப் பூட்டாமலும் விடும். என் வால்வில் அது வார்ப்போடு சேர்ந்திருந்தது. ஆகக் கடைசியில் நானும் வால்வ்தான் மாற்றினேன். வேலைக்காரர் சொன்னது சரியாகிவிட்டதே என்று கேட்கலாம். அவர் பூட்ட இருந்தது அதே மாதிரியான இன்னொன்று.

கடையில் இரண்டு வகை. நீட்டுக் கையும் மிதவைப் பந்தும் உள்ள பழைய மாதிரி: அசிங்கம், இடம் பிடிக்கும், நிறைய நிறைய ஓட்டம் குறைந்துகொண்டே வரும். ஆனால் ஓட்டை பெரும்பாலும் பெரிது, உள்ளே இருப்பது ஒரே ஒரு வோசர், சின்னப் பிள்ளையும் மாற்றலாம். நிமிர்ந்த தண்டில் மிதவை ஏறி இறங்கும் புது மாதிரி: சத்தமில்லை, கடைசி வரை ஒரே வேகம், பிறகு டக்கென்று பூட்டும். அந்த ஊசிமுனைத் துளைதான் அதன் பலவீனம், அதுவும் எங்கள் தண்ணீரில். தாங்கிக்குள் இடமிருந்தால் என் வாக்குப் பந்துக்குத்தான். என் தாங்கி ஒடுக்கம், கை மடங்காது. புது மாதிரியில்தான் தேட வேண்டியிருந்தது.

ரவுணில் ஒரு ஹாட்வெயார் கடையில் நாலைந்து வால்வுகளை மேசையில் பரப்பி, மிதவையைக் கீழே தாழ்த்திவிட்டு, ஒவ்வொன்றின் அடி வாயையும் துடைத்து வாயால் ஊதிப் பார்த்தேன். கடைக்காரத் தம்பி "அண்ணை, நாதஸ்வரமோ?" என்றான். மூன்று மூச்சை முட்டியது, ஒன்றில் காற்று லேசாகப் போனது. மூடி கையாலேயே திருக வருகிறதா, வலை வெளியே வருகிறதா என்றும் பார்த்து அதை எடுத்தேன். பூட்ட இருபது நிமிடம். தாங்கி இப்போது ஒரு நிமிடம் பத்து செக்கனில் நிறைகிறது.

சுண்ணாம்பு இதற்குள்ளும் படியும். 2024இல் கடல்நீரைக் குடிநீராக்கும் தாளையடித் திட்டம் தொடங்கிய பிறகு குழாய்த் தண்ணீர் கிடைத்த வீடுகளுக்கு இந்தக் கரைச்சல் குறையலாம். எங்களுக்கு இன்னும் கிணறுதான். தாங்கி மூடியின் உட்பக்கம் மார்க்கரால் பூட்டிய திகதியை எழுதி, பக்கத்தில் நிறையும் நேரத்தையும் குறித்திருக்கிறேன். இந்த வருடம் கொடியேற்றத்துக்கு முந்திய கிழமை மணிக்கூடு பிடித்துப் பார்த்தேன். ஒரு நிமிடம் நாற்பது. வலையைக் கழற்றி வினாகிரிக்குள் போட்டேன்.