கரண்ட் நம்ப முடியாத ஊரில் கோழிக்குஞ்சு: அடைக்கோழியா, இன்குபேட்டரா?

ஏற்காட்டு மலையில் காற்று மழை பிடித்தால் எங்கோ ஒரு மரம் லைன் மேல் சாய்ந்துவிடும், அப்புறம் கரண்ட் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அங்கே வீட்டுக்குப் பத்து இருபது நாட்டுக்கோழி வளர்க்க நினைப்பவர்கள் எடுத்தவுடன் இன்குபேட்டர் விலையைத்தான் விசாரிக்கிறார்கள். அந்தப் பணத்தில் நல்லா அடை உட்காரும் சிறுவிடை என்ற நாட்டுக்கோழி இரண்டு வாங்குங்கள் என்பதுதான் என் யோசனை.

இன்குபேட்டருக்கு 21 நாளும் 37.5 டிகிரி சூடு மாறாமல் இருக்க வேண்டும், ஈரப்பதமும் பார்க்க வேண்டும். ஒரு மணி நேரம் கரண்ட் போனால் பயமில்லை, திறக்காமல் மேலே கம்பளி போர்த்தினால் தாங்கும். ராத்திரி முழுக்கப் போனால் கரு செத்துப்போகலாம், பிழைத்த முட்டையும் தாமதமாகப் பொரிக்கும். இன்வெர்ட்டர் வைக்கலாம்தான், ஆனால் பத்துக் குஞ்சுக்காக அவ்வளவு செலவா? அடைக்கோழி 10, 12 முட்டையைத் தானே திருப்பித் தானே காக்கும். குறை ஒன்றுதான்: அடையிலும் குஞ்சு மேய்ப்பதிலும் இருக்கும்வரை முட்டை வைக்காது. மாதாமாதம் குஞ்சு விற்க நினைப்பவருக்கு அது கட்டாது, அவர் மெஷினும் பேட்டரியும் சேர்த்தே வாங்கட்டும்.

பொரித்த பிறகும் சூடு வேண்டும். முதல் வாரம் 35 டிகிரி, பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறைக்கலாம். சேலம் டவுனில் ஏப்ரல், மே பகலில் வெயிலே அதைக் கொடுத்துவிடும், அதனால் குஞ்சைச் சீக்கிரம் பிரித்துவிட்டால் தாய் மறுபடி முட்டைக்கு வந்துவிடும். சுமார் 1500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டின் மார்கழிக் குளிரில் அப்படிச் செய்யாதீர்கள், தாயோடவே விடுங்கள்.

தாயில்லாமல் வாங்கிய குஞ்சு என்றால் குண்டு பல்பை மட்டும் நம்ப வேண்டாம். நடுராத்திரி கரண்ட் போனால் ஒன்றன் மேல் ஒன்று ஏறி, அடியில் சிக்கியது மூச்சுமுட்டிச் செத்துவிடும். கரிச்சட்டி மலிவு, சாம்பல் மூடினால் நெடுநேரம் கனலும், ஆனால் அடைத்த அறையில் அது விடும் நச்சுக்காற்று மனிதனையே கொல்லும், குஞ்சுக்கு அடியில் பரப்பிய உமியில் ஒரு பொறி விழுந்தாலும் போச்சு. பத்துப் பதினைந்து குஞ்சுக்கு, ஐந்து லிட்டர் கேனில் வெந்நீர் ஊற்றிச் சாக்கு சுற்றிப் பெட்டிக்குள் வைப்பதே எனக்குப் பிடித்த வழி, ராத்திரியில் எழுந்து தண்ணீர் மாற்ற ஆள் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எந்த வழியில் போனாலும் ஏழாம் நாள் வாக்கில் வெள்ளைக்கழிச்சல் நோய்க்கு லசோட்டா தடுப்பு மருந்துச் சொட்டு கட்டாயம். அதை வீட்டு ஃபிரிட்ஜில் வாங்கி வைக்காதீர்கள், கரண்ட் போனால் மருந்து வீண். போடும் அன்றைக்கே ஐஸ் பிளாஸ்கில் எடுத்து வந்து, பக்கத்து வீட்டுக் குஞ்சுகளுக்கும் சேர்த்துப் போட்டுவிடுங்கள்.